குடை ஆஸ்பத்திரியில் என் அண்ணன்

1

எனக்கு ஒரு வெள்ளைக்கார அண்ணன் இருக்கிறான் என்று பதினேழு நாட்கள் நம்பினேன்.

சும்மா நம்பவில்லை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவன், தலை வழுக்கை (எங்கள் பரம்பரையில் தவறாமல் கைமாறும் சொத்து அது ஒன்றுதான்), லேசான தொப்பை என்று ஆள் அடையாளம் வரைக்கும் தயார் செய்து வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்த வழுக்கைத் தலையர் ஒருவருடைய காது அப்பாவின் காதைப் போலவே இருந்தது. இரண்டு கடை தூரம் பின்னாலேயே போனேன். அவர் திரும்பி, "உங்களுக்கு ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டார். "மணி என்ன?" என்றேன். கேட்டபோது என் இடது மணிக்கட்டில் கடிகாரம் கட்டியிருந்ததை நாங்கள் இருவருமே பார்த்தோம்.

ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு புத்தி. வட இங்கிலாந்தில் மழை பெய்யும் ஒரு சின்ன ஊரில், இன்சூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஊரில் இருக்கும் உங்களுக்கு, வெளிநாட்டில் இருப்பவன் தெளிவான ஆள் என்று ஓர் எண்ணம் இருக்கும். அதைக் கலைப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2

இந்த நம்பிக்கைக்குக் காரணமான இசைத்தட்டைக் கொண்டுவந்தவள் என் மகள் யாழினி. பக்கத்து நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் பழைய இசைத்தட்டு விற்கும் கடையில் வேலை. முதல் வருஷம் வாராவாரம் வந்தாள். இப்போது துவைக்க வேண்டிய துணி சேர்ந்தால் வருகிறாள். அவளுடைய தமிழும் அப்படியே சுருங்கி, சாப்பாட்டுப் பெயர்களும் உறவுப் பெயர்களும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

அன்றைக்கு வந்தவள் துணி மூட்டையைக்கூட இறக்காமல், "அப்பா, இங்க வா. இது தாத்தாதானே? பேபி வச்சிக்கிட்டு நிக்குது" என்றாள்.

தாத்தாவை 'நிக்குது' என்று சொன்னதற்காகத் திட்ட வாயெடுத்தேன். அட்டையைப் பார்த்ததும் வாய் அப்படியே நின்றுவிட்டது.

அறுபதுகளின் கடைசியில் வந்த ஆல்பம். 'மிஸஸ் டிப்பெட்டின் குடை ஆஸ்பத்திரி' என்று பெயர். அந்தக் காலத்தில் இங்கே இளைஞர்கள் வெல்வெட் கோட்டு போட்டுக்கொண்டு, கனவில் வருவதையெல்லாம் பாட்டாகப் போட்ட ஒரு மோஸ்தர் இருந்ததாம். சைக்கெடெலிக் பாப் என்கிறார்கள். வெளிவந்தபோது யாரும் வாங்கவில்லை. அதனாலேயே இப்போது எல்லோரும் தேடுகிறார்கள். ஒரு சின்னக் கம்பெனி மறுபடி அச்சடித்திருக்கிறது.

யாழினி அதை முழுக்கப் போட்டுக் காட்டினாள். உடைந்த குடைகளுக்குக் கட்டுப் போடும் ஒரு கிழவி, செவ்வாய்க்கிழமை மட்டும் மீனாக மாறும் குமாஸ்தா, முட்டைக்கோஸ்களுக்கு ராஜா. ஒரு பாட்டில் கிதாரை டேப்பில் பின்பக்கமாக ஓடவிட்டிருக்கிறார்கள். யாரோ பக்கத்து இலையில் ரசத்தை உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பது போல இருந்தது. சித்தாரும் வருகிறது. வாசித்தவர் அதை அன்றைக்குக் காலையில்தான் வாங்கியிருக்க வேண்டும். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் இரண்டு வருஷத்தில் என் மகள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொன்ன முதல் பாட்டு. தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னட்டைப் படத்தில் நாலு நீள முடிப் பையன்கள் கிழிந்த குடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரமாக, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, டை கட்டிய ஒல்லியான கறுப்பு மனிதர் ஒருவர். தோளில் ஒரு வெள்ளைக் குழந்தை. சட்டைப் பையில் பேனா, அதன் பக்கத்தில் ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல். என் அப்பா தூங்கும்போது மட்டும்தான் அந்த ஸ்கேலைச் சட்டையிலிருந்து எடுப்பார்.

அட்டைக்குள் வைத்திருந்த சிறு புத்தகத்தில் ஒரு நிபுணர் எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். பெயர் தெரியாத கிழக்கத்திய ஞானி ஒருவர் குழந்தையின் ஆன்மாவுக்கு மந்திரம் ஓதுவதோடு ஆல்பம் நிறைவடைகிறதாம்.

அந்த மந்திரத்தையும் கேட்டோம். கடைசிப் பாட்டு முடிந்து இசை ஓய்ந்ததும் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. பிறகு என் அப்பாவின் குரல், இளசாக:

"இல்லல்ல... என் கண்ணுல்ல, என் தங்கம்ல... ஊருக்குப் போலாமா? ஆவடி போலாமா? ரயில்ல போலாமா? இதோ, இதோ போயிடலாம்..."

அப்பாவுக்குக் கல்யாணம் ஆனது, அந்தப் படம் எடுத்து நாலு வருஷம் கழித்து.

3

அப்பா ஆவடியில் டாங்கி செய்யும் அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கல்யாணத்துக்கு முன்பு ஒன்பது மாதம் பயிற்சிக்காக இங்கிலாந்து அனுப்பினார்கள். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், "சாப்பாடுதான்" என்பார். எங்கே தங்கினீர்கள்? "வீட்லதான்."

இது அப்பாவின் தனிக் குணம் இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸின் குணம். வீட்டுக்கு வீடு டாங்கி செய்கிற அப்பாக்கள். சோதனை ஓட்டத்தின்போது சமையலறைப் பாத்திரமெல்லாம் கிடுகிடுவென்று ஆடும். ஆனாலும் யார் வீட்டிலும் 'டாங்கி' என்ற சொல்லை உச்சரிக்க மாட்டார்கள். 'வண்டி' என்பார்கள். "இன்னிக்கு வண்டி லேட்டு." பள்ளியில் 'என் தந்தையின் தொழில்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, வகுப்பில் அத்தனை பேரும் எழுதியது ஒரே வரி: என் தந்தை அரசாங்க வேலை செய்கிறார். டீச்சர் எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டார். அவர் கணவரும் அதே வேலைதான்.

ஆக, வாயைத் திறக்காத அப்பா எனக்குப் பழக்கம். திறந்தால் என்ன வரும் என்பது பழக்கமில்லை. என்னை அவர் 'சேகர்' என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் 'டேய்'. பத்தாவதில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கியபோது, "ம், பரவால்ல சேகர்." கண்ணு, தங்கம் எல்லாம் இந்த ஐம்பத்து மூன்று வருஷத்தில் என் காதில் விழுந்த சரக்கே இல்லை.

இதில் இன்னொரு சிக்கல். அப்பாவுக்குச் சதாபிஷேகம் வைத்திருந்தோம். எண்பது வயதைத் தாண்டியவர் பெண்டாட்டி கழுத்தில் மறுபடி தாலி கட்டுகிற நாள். அறுபதாம் கல்யாணத்துக்கு என்னால் போக முடியவில்லை. விசா நீட்டிப்புக்குக் கொடுத்த பாஸ்போர்ட்டை இங்கத்திய அலுவலகம் நாலு மாதம் அடைகாத்துக்கொண்டிருந்தது. அம்மா அதை இன்னும் மறக்கவில்லை. இந்த முறை டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பட்டுவேட்டி எடுத்தாகிவிட்டது. மூன்று வாரத்தில் அம்மா மணையில் உட்காரப் போகிறாள். விஷயம் தெரிந்த மகன் வாயை மூடிக்கொண்டு அட்சதை போடலாமா? அல்லது தாலிக்கு முன்னால் சொல்லி, எழுபத்தாறு வயது அம்மாவை உடைத்துப் போடலாமா?

4

முதலில் என் மனைவி கலாவிடம் சொன்னேன். அவள் காதில் இயர்போனை மாட்டி முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"குழந்தை அழுவுது, சமாதானம் பண்றாரு. இதுல என்ன இருக்கு?"

"என் தங்கம்னு சொல்றாரு, கலா. என்."

"இந்த ஊர் பஸ் டிரைவர் டெய்லி என்னைய 'லவ்'னுதான் கூப்பிடறான். அவன் எனக்கு யாரு?"

"ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வாக்கு குடுக்கறாரே!"

"நீங்களும்தான் எனக்குச் சுவிட்சர்லாந்துன்னு வாக்கு குடுத்தீங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

பெண்களுக்கு ஆதாரத்தின் அருமை தெரியாது என்று முடிவு செய்து, அப்பா பயிற்சி எடுத்த நகரத்தின் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எங்கள் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். எடுத்த அம்மையார் மிகவும் பொறுமைசாலி.

பிறந்தவரின் பெயர்? தெரியாது. தாயின் பெயர்? தெரியாது. பிறந்த தேதி? அறுபதுகளின் கடைசி. தந்தையின் பெயர்? அது மட்டும் தெரியும், தேவராஜன். ஆனால் பதிவேட்டில் எழுதியிருக்க மாட்டார்கள்.

கொஞ்ச நேரம் டைப் செய்யும் சத்தம். "சரி. நீங்கள் அவருக்கு என்ன உறவு?"

"தம்பி" என்றேன். பிறகு நேர்மையாக இருக்க வேண்டுமே என்று, "இருக்கலாம்" என்று சேர்த்தேன்.

'தம்பி, இருக்கலாம்' என்பதற்கு அவர்களுடைய படிவத்தில் கட்டம் இல்லையாம். 'மற்றவை' என்ற கட்டத்தில் டிக் போட்டு, கீழே விளக்கம் எழுதி அனுப்பச் சொன்னார். அன்று ஆபீஸ் வேலையை ஓரங்கட்டிவிட்டு அந்த விளக்கத்தை ஏழு முறை எழுதிப் பார்த்தேன். ஏழாவது முறை எழுதியதைப் படித்தபோது, நான்தான் அந்தக் குழந்தை என்பது போல இருந்தது. அழித்துவிட்டேன்.

5

அடுத்த முட்டாள்தனம், மணி.

மணி என்னோடு குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். இப்போது திருநின்றவூர் ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அப்பா ரிட்டயர் ஆனதும் திருநின்றவூரில்தான் மனை வாங்கி வீடு கட்டினார். அதனால் என் பெற்றோருக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பதிலிருந்து கரண்ட் பில் கட்டுவது வரை, நான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்கிறவன் அவன்.

"இன்னா மச்சான், கொரலே ஒரு மாறி கீது? வேல போச்சா?" என்றான்.

விஷயத்தைச் சொல்லிப் படத்தையும் அனுப்பினேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. சைக்கிள் டியூப்பில் காற்று இறங்குவது போல.

"யாரு, உங்க நைனாவா? டேய், அவரு ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்க வந்தாலே ஒரிஜினல எண்ணிப் பாத்து வாங்கிகினு போற ஆளுடா! அவரு போயி..."

"நீ எதுவும் கேக்காத. சும்மா உன்கிட்ட சொன்னேன்."

"நான் இன்னாத்துக்கு மச்சான் கேக்கப் போறேன்?"

மறுநாளே போய்க் கேட்டுவிட்டான். மாத்திரை கொடுக்கப் போன இடத்தில், 'அங்கிள், சீமையில கொயந்தைய வச்சிகினு போட்டோ எதுனா எடுத்தீங்களா?' என்று ரொம்ப நாசூக்காகக் கேட்டானாம்.

"மூஞ்சி செத்துப்போச்சு மச்சான்" என்றான் போனில். இப்போது அவன் சிரிக்கவில்லை. "யாரு கேக்கச் சொன்னது, யாரு கேக்கச் சொன்னதுன்னு ரெண்டு வாட்டி கேட்டாரு. நான் ஒண்ணியும் இல்ல அங்கிள்னேன். கதவ சாத்திகினாரு. மாத்திரகூட வாங்கல. மச்சான், எனுக்கு இன்னாவோ நீ சொல்றது கரீட்டுதான்னு தோணுது."

அதற்குப் பிறகு இரண்டு நாள் அப்பாவின் போன் அணைந்தே கிடந்தது. அம்மாவின் போனில் கூப்பிட்டால், "அவரு தோட்டத்துல இருக்காரு" என்றாள். அந்த வீட்டில் தோட்டம் என்பது ஒரு முருங்கை மரம். இரண்டு நாள் ஒரு முருங்கை மரத்தடியில் நிற்கிற மனிதன் எதையோ மறைக்கிறான் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளன் வேண்டியதில்லை.

6

விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சி, வேலப்பன்சாவடியில் கல்லூரி பஸ்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நின்றது. அந்த முக்கால் மணியில் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். கலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாழினி தூங்கிவிட்டாள்.

வீட்டில் அப்பா என் கண்ணைப் பார்க்கவில்லை. "ஃப்ளைட்டு டைமுக்கு வந்துதா?" என்று என் பெட்டியைக் கேட்டார். அம்மா புதுப் புடவையைத் தோளில் போட்டு யாழினியிடம் காட்டிக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்குது பாட்டி" என்றாள் அவள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. வயிற்றுக்கு என்று ஒரு மாத்திரை போட்டேன். அது தலைவலி மாத்திரை.

விழாவுக்கு மூன்று நாள் இருந்தது. மறுநாள் காலை அப்பாவே வந்து, "ஏரிப் பக்கம் போயிட்டு வரலாமா?" என்றார். கரையில் நடந்தோம். ரிட்டயர் ஆகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சட்டைப் பையில் அந்த ஸ்கேல்.

"எத்தன பேரு பாத்திருக்காங்க?" என்று தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்.

"என்னதப்பா?"

"தெரியாத மாதிரி கேக்காத. போட்டோவ."

"நான், கலா, யாழினி. அப்புறம் மணி. ஆனா கடையில விக்கிறாங்கப்பா. மறுபடி அச்சடிச்சிருக்காங்க."

"மறுபடியுமா?" கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "உங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. நீங்கதான் சொல்லணும். ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி."

"அவளுக்கு எதுக்குடா? வந்தா எனக்குத்தானே வரும்."

"அவங்ககிட்ட சொல்லாம எப்படிப்பா தாலி கட்டுவீங்க?"

"தாலிக்கும் இதுக்கும் என்னடா?"

இவ்வளவு கல்நெஞ்சரா என்று நினைத்தேன். "சரி, அந்தக் கொழந்த இப்ப எங்கப்பா?"

"எந்தக் கொழந்த?"

"உங்க தோள்ல இருக்கே, அது!"

"அது எங்கயோ இருக்கும். அதுவா இப்ப பிரச்சன? நான் எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கேன்டா. போட்டோ எடுத்துக்க மாட்டேன், பேப்பர்ல வரமாட்டேன், வெளியாளுங்களோட சேர மாட்டேன்னு. கப்பல் ஏறதுக்கு முன்னாடி கையெழுத்து. பென்ஷன நிறுத்திட்டா நாளைக்கு நீயா சோறு போடுவ?"

ஏரியில் ஒரு கொக்கு நின்றது. அதுவும் எங்களைக் குழப்பத்தோடுதான் பார்த்தது.

"நீங்க பயந்தது... ஆபீசுக்கா?"

"பின்ன?"

"ரிட்டயர் ஆகி இத்தன வருஷமாச்சேப்பா!"

"எது வரைக்கும்னு அந்தப் பேப்பர்ல போடலியே."

அந்த ஒரு படத்துக்காக மனிதர் இத்தனை வருஷம் பயந்திருக்கிறார். தட்டு வெளிவந்ததும், அப்பா தங்கியிருந்த வீட்டின் மாடியில் குடியிருந்த அந்தப் பாட்டுப் பையன்கள் பெருமையாகக் கொண்டுவந்து காட்டினார்களாம். பின்னட்டையில் தன் முகத்தைப் பார்த்ததும் இவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மறுநாள் கடைத்தெருவுக்குப் போய், அங்கே இருந்த மூன்று தட்டுகளையும் வாங்கி வந்து, அட்டையைக் கிழித்து வீட்டுக்கார அம்மாளின் அடுப்பில் போட்டார்.

"மூணும் ஒரே நாள்ல வித்துப்போச்சுன்னு மாடிப் பசங்க சாயங்காலம் பூரா டான்ஸ் ஆடினானுங்க" என்றார். "பாவமா இருந்துது. நாந்தான்னு சொல்லல."

அப்புறம்தான், "நீ எதுக்குத் தாலின்ன?" என்று கேட்டார்.

சொன்னேன். அண்ணன், வழுக்கை, மீன் மார்க்கெட், பதிவு அலுவலகம், எல்லாவற்றையும். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஏழு பிள்ளையில மூத்தவன்டா நான். அழுவற கொழந்தைய யார் குடுத்தாலும் வாய் அதுவா அதத்தான் சொல்லும்."

சிரிக்கிற நேரத்தில் கேட்டுவிட வேண்டும் என்று கேட்டேன். "என்னைய மட்டும் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லயே?"

சிரிப்பை நிறுத்தினார். "சொல்லாமயா? ரெண்டு வருஷம் ராவும் பகலும் கத்தின. குவார்ட்டர்ஸ் பூரா உன்னத் தூக்கிட்டு அலைஞ்சிருக்கேன்." எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "அப்ப எவனும் மைக் கொண்டாந்து வைக்கல. அதுக்கு நான் என்ன பண்றது?"

7

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா மூன்றாவது முறையாக அம்மாவுக்குத் தாலி கட்டினார். அட்சதை போட்டேன். இலை போட்ட பிறகு அம்மாவிடமும் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னோம். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த டை எங்க போச்சு?"

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை மத்தியானம், நல்ல மழை. டிரம் வாசித்த பையனின் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். குழந்தை அழுகையை நிறுத்தவில்லை, மாடியில் ஒலிப்பதிவு நடக்கவில்லை. மாடிக்காரர்கள் கீழே வந்து அப்பாவைக் கேட்டார்கள். அவர் மாடிக்குப் போய் நாலு மணி நேரம் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தார். டேப்பை நிறுத்த யாரோ மறந்துவிட்டார்கள். மழை விட்டதும் வாசலில் படம் எடுத்தார்கள். குழந்தைக்குப் பதினொரு மாதம் இருக்கும். பெண் குழந்தை. பெயரை அவர் கேட்டுக்கொள்ளவில்லை.